கப்பலேறிய தாத்தாவைத் தேடுவோருக்கு: டி.என்.ஏ. பட்டியலும் பழைய பதிவேடும் முரண்டு பிடிக்கும்போது

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் ஒருவர் போளூர்ப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர். ஒரே ஒரு கடிதம் வந்ததாகவும், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை என்றும் பாட்டி சொல்வார். அந்தக் கிளையைத் தேடித்தான் நான் டி.என்.ஏ. சோதனைக்கு எச்சில் குப்பியில் துப்பி அனுப்பினேன். அதே சோதனை செய்தவர்களில் நம்மோடு டி.என்.ஏ. பொருந்துகிறவர்களின் பட்டியலைச் சோதனை நிறுவனம் தரும். அதில் நான் விழுந்த குழிகளும், இதே வேலையில் இறங்கிய மொரீஷியஸ், தென்னாப்பிரிக்க, மலேசியத் தமிழர்கள் என்னிடம் கொண்டுவந்த குழப்பங்களும் கீழே இருக்கின்றன. உங்களுக்கு எங்கே தடுக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். இரண்டாவதை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

பட்டியலில் நெருங்கிய சொந்தம் ஒருவர்கூட இல்லை

குப்பியிலோ ஆய்வகத்திலோ கோளாறு இருக்காது. இந்தச் சோதனைகளை வாங்குவோரில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். சொந்த ஊரில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகன் சோதித்துக்கொள்ளாதவரை அவர் பட்டியலில் வரப்போவதில்லை. வருபவர்கள் டர்பன், போர்ட் லூயி, பிரெஞ்சுத் தீவான ரெயூனியன், கோலாலம்பூர், லண்டன் என்று சிதறிக் கிடக்கும் தூரத்து உறவுகள்.

செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, சோதனை நிறுவனம் தரும் மூலத் தரவுக் கோப்பை இறக்கி, ஜெட்மேட்ச் போல வெளிக்கோப்புகளை ஏற்கும் தளத்தில் ஏற்றுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் குளமும் தனி; ஒரு குளத்தில் இருக்கும் மீன் இன்னொன்றில் இருக்காது. இரண்டாவது, வீட்டில் உயிரோடிருக்கும் மூத்தவரைச் சோதியுங்கள். தலைமுறைக்கு ஒருமுறை டி.என்.ஏ. பாதியாகக் கழிந்துகொண்டே வருகிறது. உங்களிடம் இல்லாமல் போன துண்டு உங்கள் பெரிய பாட்டியிடம் இருக்கலாம். குப்பியை நீட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே வெற்றிலைப் பெட்டியை எடுத்து ஒளித்துவைத்துவிடுங்கள். எங்கள் அத்தையின் முதல் மாதிரி பாக்குச் சாற்றோடு போய், படிக்க முடியவில்லை என்று திரும்பிவந்தது. பிழை எங்களுடையது.

‘இரண்டாவது கசின்’ என்று காட்டுகிறது. அப்படி ஓர் ஆளே குடும்பத்தில் கிடையாது

தமிழ்க் குடும்பங்களில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது.

பகிர்ந்துகொண்ட டி.என்.ஏ.வைச் சென்டிமார்கன் என்ற அலகில் சொல்கிறார்கள். ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழி வந்த இருவர், அதாவது இரண்டாவது கசின்கள், சராசரியாக 229 சென்டிமார்கன் பகிர்வார்கள் என்றும், எள்ளுத்தாத்தா வரை போனால் சராசரி 73 என்றும் அட்டவணைகள் சொல்லும். இந்த எண்கள் பெரும்பாலும் உறவுக்குள் மணம் செய்யாத குடும்பங்களிலிருந்து திரட்டியவை. நாமோ அக்கா மகளைக் கட்டியவர்கள், மாமன் மகளை முறைப்பெண் என்றவர்கள். வெளியே போனாலும் அதே சாதிக்குள், அதே இருபது முப்பது ஊர்களுக்குள்.

அக்கா மகளை மணந்தவரின் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர்கள் தாத்தா பாட்டி. அதே இருவர் அம்மாவின் வழியில் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டியும்கூட. அவர்களிடமிருந்து இரண்டு வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. அந்தத் தாத்தாவின் இன்னொரு மகனுடைய பிள்ளையோடு ஒப்பிட்டால், வழக்கமான கசினைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பொருந்தும். இதையே நான்கைந்து தலைமுறைக்கு நீட்டிப் பாருங்கள். எட்டாம் தலைமுறையில் பிரிந்த ஒருவர் உங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டுக்காரர் போலப் பட்டியலில் வந்து நிற்பார்.

இது தமிழர்களுக்கு மட்டும் உரியதன்று. 2017-இல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு 263 தெற்காசியக் குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்களில், சிறு தொகை மூதாதையரிலிருந்து பெருகியதன் தடம் ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களிடம் காணப்படுவதைவிட ஆழமாக இருந்தது. யூதக் குடும்ப வரலாற்று ஆர்வலர்கள் இந்தச் சிக்கலோடு நெடுநாள் மல்லுக்கட்டியவர்கள். அவர்களுடைய உத்திகள் நமக்கும் உதவும்.

ஆகவே மொத்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். துண்டுகள் எத்தனை, அவற்றில் நீளமானது எது என்று பாருங்கள். எனக்கு டர்பனிலிருந்து இரண்டு பொருத்தங்கள் கிடைத்தன. முதலாமவர் 96 சென்டிமார்கன், எட்டுத் துண்டுகள், நீளமானது 19. இரண்டாமவர் 61, இரண்டே துண்டுகள், நீளமானது 47. எண் பெரிது என்று முதலாமவரின் பின்னால் ஓர் ஆண்டு அலைந்தேன். கடைசியில் அம்மாவின் தம்பியைச் சோதித்தபோது அவரோடும் அந்த அம்மையார் பொருந்தினார். அப்பாவின் தம்பியோடும் பொருந்தினார். பழைய உறவு பல வழிகளில் துண்டு துண்டாகச் சேர்ந்து பெரிய எண்ணாகியிருந்தது. உடையாத நீளத் துண்டு அண்மைக் காலத்து மூதாதையின் அடையாளம். பொடித் துண்டுகளின் குவியல் பழைய ஊர்க் கலப்பின் அடையாளம். 15 சென்டிமார்கனுக்குக் குறைந்த துண்டுகளை நான் இப்போது கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நீளமான துண்டு 30-ஐத் தாண்டினால்தான் கடிதம் எழுதுகிறேன். இது என் கறார். வேறு சிலர் 20-க்கே இறங்கிவருவார்கள்.

உங்கள் பெற்றோர் நெருங்கிய உறவா என்பதையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். ஜெட்மேட்சில் அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. அப்பா பக்கமும் அம்மா பக்கமும் ஒன்றேயாக வரும் நீட்சிகளை அது கணக்கிடும். அக்கா மகளை மணந்தவரின் பிள்ளைக்கு இது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு, மாமன் மகள் திருமணத்தின் பிள்ளைக்குப் பதினாறில் ஒரு பங்கு என்பது எதிர்பார்ப்பு. முடிவைப் பார்த்துப் பதறுவோர் உண்டு. நம் வீட்டுத் திருமண அழைப்பிதழைப் படித்தாலே தெரிகிற சங்கதிதான் அது.

அப்பா வழியா அம்மா வழியா என்று பிரிக்கவே முடியவில்லை

நான்கு தாத்தா பாட்டிகளுக்கு நான்கு நிறம் கொடுத்துப் பொருத்தங்களைப் பிரிக்கும் முறையை வெளிநாட்டார் சிபாரிசு செய்வார்கள். நம் பட்டியலில் நிறங்கள் ஒன்றோடொன்று ஊறிவிடும். அதற்குப் பதில் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு பிரிவினையைப் பயன்படுத்தலாம்: பங்காளி, மாமன் மச்சான்.

பங்காளிக்குள் பெண் எடுப்பதில்லை. ஒய் குரோமோசோமோ தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. எத்தனை முறைப்பெண் திருமணம் நடந்தாலும் நேர் ஆண்வழி மட்டும் குழம்பாமல் தனியாக ஓடுகிறது. கப்பலேறியவரின் மகன் வயிற்றுப் பேரன், அவருடைய மகன் என்று ஆண்வழியாகவே வந்த ஒருவர் கிடைத்தால், அவரையும் உங்கள் பங்காளி ஒருவரையும் ஒய் சோதனை செய்யச் சொல்லுங்கள். பொருந்தவில்லை என்றால் நேர் ஆண்வழிக் கதை அங்கேயே முடிந்தது. பொருந்தினால் உடனே கொண்டாட வேண்டாம். ஒரே குலத்தில் பல நூற்றாண்டு முன்பு பிரிந்தவர்களும் பொருந்துவார்கள்.

இங்கேதான் குலதெய்வத்தைக் கேட்க வேண்டும். கடல் கடந்த குடும்பங்கள் மொழியை மறந்த பிறகும் சாமியின் பெயரை வைத்திருக்கின்றன. மதுரை வீரன், மாரியம்மன் என்றால் பயனில்லை; எங்கும் இருப்பவர்கள். ஆனால் ‘வாழைப்பந்தல் பச்சையம்மன்’ என்று ஊரோடு சேர்த்து ஒருவர் சொன்னால், பழைய வட ஆர்க்காட்டு வரைபடத்தை விரித்துவிடலாம்.

தெரிந்த உறவு பட்டியலில் வரவில்லை

எள்ளுத்தாத்தா வழி உறவில் ஏறக்குறையப் பத்தில் ஒருவரோடு உங்களுக்குப் பொதுவான துண்டே இருக்காது. இன்னும் ஒரு தலைமுறை தள்ளினால் பாதிப் பேர் காணாமல் போவார்கள். உறவு பொய் என்று அர்த்தமில்லை. சீட்டுக் குலுக்கலில் உங்களுக்கு அந்தச் சீட்டு விழவில்லை. அவர்களுடைய அண்ணன் தம்பியைச் சோதியுங்கள். ஆனால் சித்தப்பா மகனே வரவில்லையென்றால் அது வேறு கதை. மாதிரிகள் மாறிப்போயினவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு முன் அந்தக் கேள்வியால் வீட்டில் யாருக்கு வலிக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பதில் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்ட இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் செய்தது தவறென்று எனக்குத் தோன்றவில்லை.

கப்பல் பட்டியலில் பெயர் இல்லை

முதலில், பட்டியல் என்று ஒன்று இருந்ததா? இதைக் கேட்காமலேயே பலர் ஆண்டுக்கணக்கில் தேடுகிறார்கள்.

நேட்டாலுக்கு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் மதராசிலிருந்து 342 பேரோடு டர்பனில் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை, ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அங்க அடையாளம் எனப் பதிவு இருக்கிறது. நடுவில் 1866 முதல் 1874 வரை ஆள் எடுப்பு நின்றிருந்தது. ‘1870-இல் கப்பலேறினார்’ என்று வீட்டில் சொன்னால் ஆண்டு தவறு, அல்லது நாடு தவறு.

ஃபிஜிக்கு முதல் கப்பல் 1879-இல் கல்கத்தாவிலிருந்து போனது. மதராசிலிருந்து போனதோ 1903 முதல்தான். 1916-உடன் அதுவும் முடிந்தது. சுமார் 15,000 பேர். அவர்களுடைய குடியேற்றச் சீட்டில் ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவின் பெயருக்கும் ஓர் இடம் உண்டு. எனக்குத் தெரிந்த காகிதங்களில் மிகவும் பயனுள்ளது அந்த ஒரு வரிதான். மொரீஷியசின் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பலருக்கு அந்தக் காலத்துப் புகைப்படமே கிடைக்கும். எள்ளுத்தாத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மேசையிலேயே அழுதவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் போனவர்களில் பெரும்பகுதி கங்காணி, அதாவது ஊரில் ஆள் திரட்டிய மேற்பார்வையாளர், வழியாகப் போனவர்கள். ஆளுக்கு ஆள் எழுதிய கப்பல் பட்டியலை அவர்களுக்காகத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தோட்டத்துச் செக்ரோல் (வேலையாட்களின் வருகைப் பதிவு), பிறப்புப் பதிவு, இலங்கையென்றால் 1949 குடியுரிமைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த விண்ணப்பம், 1964 இந்திய இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியோரின் காகிதங்கள் ஆகியவைதான் வழி.

பட்டியல் இருந்தும் பெயர் இல்லையென்றால், இருக்கிறது. நீங்கள் தேடும் வடிவத்தில் இல்லை. எழுதியவர் காதால் கேட்டு எழுதினார். முனுசாமி, முனிசாமி, மூன்சாமி மூவரும் ஒருவராக இருக்கலாம். சின்னசாமியை ஆங்கில எழுத்தான ‘சி’ வரிசையில் தேடிவிட்டு ‘எஸ்’ வரிசையிலும் தேடுங்கள். ‘ழ’ வரும் பெயரென்றால் ‘எல்’, ‘ஆர்’, ‘ஒய்’ மூன்றையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ‘க’வும் ‘ப’வும் வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் மாறும். பிரெஞ்சுத் தீவுகளில் ‘உ’ ஒலிக்கு ‘ஓ’, ‘யூ’ என இரண்டெழுத்து போட்டார்கள். உயிர்களுக்கு நடுவே ஒற்றை ‘எஸ்’ வந்தால் வேறு ஒலியாகிவிடும் என்று அதை இரட்டித்தார்கள். ராமசாமியும் முத்துசாமியும் அங்கே இரட்டை ‘எஸ்’ஸோடுதான் கிடைப்பார்கள்.

குடும்பப் பெயரை வைத்துத் தேடுவது இன்னொரு பொறி. இன்று தென்னாப்பிரிக்காவில் கோவெந்தர், மூட்லி, நாய்க்கர், படையாச்சி என்று இருப்பவை பட்டத்திலிருந்து பிற்காலத்தில் குடும்பப் பெயராக நிலைத்தவை. கப்பலேறியபோது அவர் வெறும் ஆறுமுகம், அப்பா பெயர் வெங்கடாசலம். அவ்வளவுதான். தந்தை பெயரையும் கிராமத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.

‘மலபார்’ என்ற சொல்லைக் கண்டு கேரளத்துக்கு வண்டி கட்டியவர்களும் உண்டு. மொரீஷியஸ், ரெயூனியன் பதிவுகளில் மலபார் என்றால் பெரும்பாலும் தமிழர். ‘ஜெண்டு’ என்றால் தெலுங்கர்.

ஒரே பெயர் மூன்று தலைமுறையில் வருகிறது

பேரன் என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது: தாத்தாவின் பேரைத் தாங்குபவன். ராமசாமி மகன் முனுசாமி, அவர் மகன் ராமசாமி, அவர் மகன் முனுசாமி. பத்திரத்தில் ‘ரா. முனுசாமி’ என்று கண்டதும் இவர்தான் என்று ஒட்டிவிட்டால் ஐம்பது ஆண்டு காற்றில் பறந்துவிடும். மனைவியின் பெயரும் ஆண்டும் சேர்ந்து ஒத்துவராதவரை, பெயர் ஒன்றாக இருக்கும் இருவரை நான் ஒருவராக்குவதில்லை.

ஆண்டு அறுபது வருடம் உதைக்கிறது

பழைய ஓலையிலும் பத்திரத்திலும் ‘தாது வருஷம்’ என்று மட்டும் இருக்கும். அது 1876-77 ஆகவும் இருக்கலாம், 1816-17 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். ‘தாது வருஷப் பஞ்சத்தில் போனார்’ என்றால் பிரச்சினையில்லை. அந்தப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. தனியாக ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால், அருகிலுள்ள நபரின் வயதை வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யுங்கள்.

நிலப் பதிவில் பசலி ஆண்டு வரும். அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி ஜூலையில் தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். தெற்கே திருநெல்வேலி, குமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு. கூட்ட வேண்டியது 824, ஜனவரி முதலான மாதமென்றால் 825.

எண்கள் இன்னொரு தொல்லை. ௧ பார்வைக்குக் ‘க’, ௨ ‘உ’, ௭ ‘எ’, ௮ ‘அ’, ௰ ‘ய’ போல இருக்கும். ‘யஉ’ என்று ஏதோ எழுத்து இருக்கிறதே என்று ஒருவர் எனக்குப் படம் அனுப்பினார். பன்னிரண்டாம் தேதி. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. இந்த நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாலே பாதிப் பத்திரம் தானாகத் திறக்கும்.

கிராமத்தின் பெயர் வரைபடத்தில் இல்லை

ஜில்லா இடத்தில் ‘மதராஸ்’ என்றிருந்தால் கப்பலேறிய துறைமுகத்தையே எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு. ‘வட ஆர்க்காடு’ என்றிருந்தால் இன்றைய வேலூரை மட்டும் பார்க்காதீர்கள். 1911 வரை அந்த ஜில்லாவின் தலைநகரே சித்தூர்தான். அது இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தென் ஆர்க்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் ஆனது; பிறகு கள்ளக்குறிச்சி. தாலுகாவை முதலில் உறுதி செய்துவிட்டுப் பிறகு கிராமத்துக்குப் போங்கள். மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடுகளில் வருவாய்க் கிராமங்களின் பட்டியல் இருக்கும். கப்பல் பட்டியலின் எழுத்துக்கூட்டலை அந்தத் தாலுகாக்காரர் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மேல், கீழ், புது, நல் என்ற முன்னொட்டு எங்கே கழன்று விழுந்தது என்று அவர் காது கண்டுபிடித்துவிடும்.

கிராமம் தெரிந்ததும் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஓடி செட்டில்மெண்ட் பதிவேட்டைப் புரட்டுவது எல்லோருக்கும் பலன் தராது. அதில் இருப்பது பட்டாதாரர் பெயர். கப்பலேறியவர்களில் பலருக்குப் பட்டாவே கிடையாது. அவர்களுக்கு உதவுவது வீட்டுப் பரணில் கிடக்கும் மொய் நோட்டு. எந்த ஊரிலிருந்து, யார் மகன் யார், எத்தனை ரூபாய் என்று அதைப்போல் கறாராக உறவை எழுதிவைத்த பதிவேடு அரசாங்கத்திடம்கூட இல்லை.

சதவீதம் விசித்திரமாக இருக்கிறது

பூர்வீகப் பகுதிகளின் சதவீதம் ‘தென்னிந்தியா 71, இலங்கை 22’ என்று வந்தால் யாழ்ப்பாணத்துப் பாட்டியைத் தேடக் கிளம்ப வேண்டாம். அது நிறுவனம் வைத்திருக்கும் ஒப்பீட்டுக் குழுவைப் பொறுத்த மதிப்பீடு. நிறுவனம் கணக்கை மாற்றியதும் அடுத்த ஆண்டு வேறாக வரும்.

பொருத்தம் உள்ளவர் பதில் போடவில்லை

‘நாம் உறவினர், தொடர்புகொள்ளவும்’ என்று எழுதினால் பதில் வராது. மோசடி என்று நினைப்பார்கள். ஊர், தாலுகா, கப்பலேறியவரின் பெயரும் அவர் தந்தையின் பெயரும், தோராய ஆண்டு, நீளத் துண்டின் அளவு இவற்றை ஐந்தே வரியில் எழுதி, கேள்வி ஒன்று மட்டும் கேளுங்கள். நான் அந்த 61 சென்டிமார்கன் டர்பன்காரரிடம் கேட்டது குலதெய்வத்தை. பதினொரு மாதம் கழித்துப் பதில் வந்தது. சாமியின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அவருடைய பாட்டி வைத்திருந்த ஒப்பந்தச் சீட்டின் படத்தை இணைத்திருந்தார். காலனி எண் தெளிவாக இருந்தது. தாலுகா போளூர். கிராமம் எழுதிய இடத்தில் மடிப்பு விழுந்து மூன்று எழுத்துகள் போயிருக்கின்றன. அந்த எண்ணை வைத்துக் கப்பல் பட்டியலில் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.